பாதிப் படமும் முழுப் படமும்

பரிதாவின் அத்தா தஸ்தகீர் இண்டூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அன்று காலை அவர், முந்தின நாள் டிவித் திரையைப் பார்த்து எடுத்த மூன்று படங்களை மேசைமேல் வைத்தார். மூன்றிலும் ஒரே கோளாறு. டிவித் திரையின் குறுக்கே அகலமான கறுப்புப் பட்டை. ராஜாமணியின் முகம் சரியாக அதற்குள் மறைந்திருந்தது.

"எம் பொண்ணு எங்கங்க பாய்?" என்று கேட்டார் முனியம்மாள்.

அவருடைய மகள்தான் ராஜாமணி. டெல்லியில் நடக்கும் பள்ளி மாணவர் ஓட்டப் போட்டியில் ஓடுகிறாள். அதை டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். நேற்று முதல் சுற்று. இன்று மாலை நாலு மணிக்கு இறுதிப் போட்டி.

"கேமரா கெட்டுப்போச்சு போலம்மா. இன்னிக்கு எடுத்தாலும் இப்படித்தான் வரும்" என்றார் அத்தா.

முனியம்மாள் படத்திலிருந்த கறுப்பை விரலால் துடைத்துப் பார்த்தார்.

பரிதா மற்ற படங்களைப் புரட்டினாள். அதே பிலிம் சுருளில் எடுத்த கல்யாணப் படங்கள் நன்றாகத்தானே வந்திருந்தன? அப்படியென்றால் கோளாறு கேமராவில் இல்லை.

மதியம் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஓடினாள். ஊருக்கே ஒரே டிவி அங்கேதான் இருந்தது. திரைக்கு முன்னால் தன் ஸ்கேலை வேகமாக ஆட்டினாள். ஒரு ஸ்கேல் ஐந்தாறு ஸ்கேலாக, விட்டுவிட்டுத் தெரிந்தது.

"டிவி அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்று முணுமுணுத்தாள்.

"நல்லாத்தானே எரியுது?" என்றார் எழுத்தர் தர்மன். இருந்தாலும், டிவியோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

அதில் எழுதியிருந்தது: திரையில் ஓர் ஒளிப்புள்ளி ஓடி ஓடிக் கோடு கோடாகப் படம் வரைகிறது. முதலில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படைக் கோடுகள். பிறகு இடையில் விட்ட இரட்டைப்படைக் கோடுகள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் படம். நொடிக்கு இருபத்தைந்து முழுப் படங்கள்.

பரிதா மூச்சிரைக்க ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"அத்தா, நேத்து எந்த வேகத்துல எடுத்தீங்க?"

"நொடியில நூத்தி இருபத்தஞ்சுல ஒரு பங்கு."

"டிவி வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள கேமரா மூடிக்கிச்சு. அதான் பாதி இருட்டு. எட்டுல ஒரு பங்கு வெச்சா முழுசா விழும்."

"அவ்வளவு மெதுவா எடுத்தா ஓடுற புள்ள கலங்கிப் போயிடுமே."

பரிதா யோசித்தாள். "ஓடும்போது வேணாம். பரிசு மேடையில நிக்கும்போது எடுக்கலாம்."

ஆனால் மேடைமேல் நிற்க வேண்டுமென்றால், முதல் மூன்று பேரில் ஒருத்தியாக வர வேண்டுமே.

நாலு மணிக்கு அலுவலகத்தில் கால் வைக்க இடமில்லை. கேமராவை ஸ்டூல்மேல் அசையாமல் வைத்தார் அத்தா. ஓட்டம் தொடங்கியது. ராஜாமணி ஐந்தாவதாக ஓடினாள். வளைவில் நாலாவது. திடீரென்று மின்சாரம் குறைந்து படம் சுருங்கியது. மறுபடி படம் விரிந்தபோது ஓட்டம் முடிந்திருந்தது.

"யார் வந்தாங்க?" என்றார் முனியம்மாள். யாருக்கும் தெரியவில்லை.

மூன்று பேர் மேடையேறினார்கள். மூன்றாவதாக ஏறியவள் ராஜாமணி.

அத்தாவின் விரல் பொத்தானுக்குப் போனது.

"இருங்க அத்தா. தலை ஆடுது."

ராஜாமணி குனிந்து பதக்கம் வாங்கினாள். கண்ணைத் துடைத்தாள்.

"இன்னும் வேணாம்."

டிவி மீண்டும் மினுக்கியது. ராஜாமணி நிமிர்ந்து நேராகப் பார்த்தாள்.

"இப்ப எடுங்க."

கிளிக். அடுத்த நொடியே மின்சாரம் போய்விட்டது.

எடுத்தது ஒரே படம். அது எப்படி வந்திருக்கிறதென்று மறுநாள் காலைவரை யாருக்கும் தெரியாது.

காலையில் ஈரம் காயாத படத்தை அத்தா வெளிச்சத்தில் பிடித்தார். பட்டை இல்லை. நெற்றி, கண், பதக்கம் எல்லாம் இருந்தன.

முனியம்மாள் வெகுநேரம் பார்த்தார்.

"இளைச்சுட்டாளே. டெல்லியில சோறு போடறாங்களா இல்லையா?" என்றபடி பரிதாவின் கன்னத்தைத் தடவினார். பிறகு படத்தோடு தெருவில் இறங்கினார்.

அன்று இண்டூரிலிருந்து தருமபுரி பஸ் பத்து நிமிடம் தாமதமாகத்தான் கிளம்பியது. டிரைவரும் கண்டக்டரும் படத்தை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.