வெரிம்பல் சுண்டெலியின் வயிறு

வயிற்றுக்கு நான்கு டின் என்பது நோலீனுக்கு மனப்பாடம். முதுகுக்கும் விலாவுக்கும் சாம்பல் நிறம் பதினோரு டின், காதுகளுக்கு இளஞ்சிவப்பு ஒன்றரை டின், வயிற்றுக்கு வெண்ணெய் நிறம் நான்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஊர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், சாரத்தில் ஏறி அந்தப் பெரிய சுண்டெலிக்குப் பெயிண்ட் அடிப்பது அவள்தான். இது ஒன்பதாவது தடவை. இந்தத் தடவை நான்காவது டின்னின் அடியை வழித்துப் பூசிய பிறகும், வயிற்றின் நடுவில் ஒரு கதவு அகலத்துக்கு வெயிலில் வெளுத்த பழைய பெயிண்ட் மிச்சமிருந்தது.

நெடுஞ்சாலை ஓரத்தில், மூன்று மாடி உயரத்தில், பின்னங்கால்களில் உட்கார்ந்து முன்னங்கால்களில் ஒரு கோதுமைக் கதிரைப் பிடித்திருக்கும் அந்த ஃபைபர் கிளாஸ் சுண்டெலி இல்லாவிட்டால் வெரிம்பலில் எந்த வண்டியும் நிற்காது. சுண்டெலிகள் லட்சக்கணக்கில் பெருகிப் படையெடுத்த அந்த எலிக்கொள்ளை வருடம் ஊரே நாசமாகிப் போனது. கோதுமையைத் தின்றன, காரின் வயர்களைத் தின்றன, தூங்குகிறவர்களின் குதிகாலைக் கடித்தன. செத்த எலிகளை மண்வெட்டியால் அள்ளி, டிராக்டரில் ஏற்றி, சாலையோரக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஹோட்டல் பாரில் உட்கார்ந்து, "நம்மள அழிச்சதே நமக்குச் சோறு போடட்டும்" என்று முதலில் சொன்னவன் நோலீனின் தம்பி மெர்வின். சிலைக்கு இடத்தைக் காட்டியவனும் அவன்தான். குழி ஏற்கெனவே தோண்டியதுதானே, அடித்தளக் கான்கிரீட்டை அதன் மேலேயே ஊற்றிவிடலாம் என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அவனுக்குத்தான் போன் செய்தாள்.

"பெயிண்ட் பத்தலடா."

"குடிச்சிட்டியா?"

"விளையாடாத. வயித்துக்கு நாலு டின்னும் தீந்துபோச்சு. இன்னும் ஒரு டின் பிடிக்கும்போல."

"தடிமனா அப்பியிருப்பக்கா. வயசாகுதுல்ல, கை நடுங்குது. சாயங்காலம் கடையில சொல்லி வாங்கித் தர்றேன்."

வடக்கிலிருந்து வீசிய சூட்டுக்காற்றில் வெட்டவெளிப் புழுதி எழுந்து, மதியச் சூரியனைப் பழுத்த மஞ்சளாக்கியிருந்தது. சாரம் ஆடாமல் இருக்க எலியின் இடுப்பைச் சுற்றிக் கட்டும் கயிற்றை நோலீன் எடுத்தாள். பதினாறு வருடமாக அதே கயிறுதான். சுற்றி வந்து, முடிச்சுப் போட்டதற்குப் பிறகும் ஒரு முழம் தொங்கும். காலையில் காற்று இல்லாததால் அதைக் கட்டாமலே வேலையைத் தொடங்கியிருந்தாள். இப்போது சுற்றிக்கொண்டு வந்தாள். கயிற்றின் இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் அவள் கை நீளத்துக்கு இடைவெளி.

அவிழ்த்தாள், எங்காவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்தாள், மறுபடி சுற்றினாள். அதே இடைவெளி.

அப்போதுதான் அந்தச் சத்தம். காற்று என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, தூரத்துக் கிடங்கில் கோதுமையைக் கொட்டுகிறார்கள் என்று நினைத்தாள். அறுவடைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் பெயிண்ட் படாத இடத்தில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ இடைவிடாமல் சரிந்துகொண்டிருந்தது, மணி மணியாக, ஈரமாக, நிற்காமல். நிழல் விழுந்த பக்கம் அது. இருந்தும் கன்னம் சுட்டது.

காதை எடுத்தபோது மூக்கில் அந்த நாற்றம் ஏறியது. கொள்ளை வருடத்தில் வெரிம்பலில் இருந்தவர்கள் யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புளித்த மூத்திரமும் அழுகலும் கலந்த, துணியில் ஒட்டினால் துவைத்தாலும் போகாத நாற்றம்.

மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை அவள் குரலைக் கேட்டு மெர்வின் கேலி பேசவில்லை. கால் மணி நேரத்தில் அவனுடைய பழைய வண்டி வந்து நின்றது. கையில் சாவியும் டார்ச்சும் இருந்தன.

"உள்ள ஏதாச்சும் செத்துக் கெடக்கும். அவ்வளவுதான்" என்றான்.

"கயிறு எட்டலடா."

"கயிறு சுருங்கியிருக்கும். சனிக்கிழமை ரெண்டாயிரம் பேரு வராங்கக்கா. எலி வளருதுன்னு போய் யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிடாத."

"போகாத மெர்வின். பட்டணத்துலேருந்து இன்ஜினீயரைக் கூப்பிடுவோம்."

"அவன் வந்தா மொதல்ல இதை இழுத்து மூடுவான். இது போச்சுன்னா ஊர் போச்சு." அவள் தோளைத் தட்டினான். "உள்ள இருக்குற ஒவ்வொரு கம்பியும் நான் வெல்டு வச்சது. நான் பாக்காததா?"

வாலுக்குப் பக்கத்தில், ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் இரும்புக் கதவு. சாவி திரும்பியது, கதவு வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். ஓரங்களிலிருந்து ஏதோ பிசின்போல் நூல் நூலாக இழுபட்டு அறுந்து, கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்த காற்று சூடாக இருந்தது. மெர்வின் சட்டைக் காலரால் மூக்கை மூடிக்கொண்டு நுழைந்தான்.

சரிந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

நோலீன் வெளியே நின்றாள். காற்று மட்டும் சாரத்தின் பலகைகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா தெரியுது?"

"அக்கா..." அவன் குரல் எதிரொலிக்கவில்லை. அவ்வளவு பெரிய வெற்றுக் கூட்டுக்குள் பேசுகிறவன் குரல் மெத்தைகளுக்கு நடுவில் பேசுவதுபோல் அமுங்கி வந்தது. "உள்ள கம்பியே இல்லக்கா."

"என்னது?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாம் எங்க போச்சு? அப்ப இது எப்படி நிக்குது?"

"வெளிய வாடா."

"கீழ மெத்துன்னு இருக்கு. காலு..." பிறகு மிக மெதுவாக, சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து அவள் கட்டிலுக்கு வந்து எழுப்புவானே, அந்தக் குரலில்: "அக்கா. லைட்டைப் பாத்து எல்லாம் திரும்புது."

அவள் கதவுக்கு ஓடினாள். இரும்புக் கதவு அப்படியே திறந்து தொங்கியது. ஆனால் வாசல் இல்லை. சாம்பல் நிற ஓரங்கள் நான்கு பக்கமிருந்தும் நெருங்கிவந்து, அவள் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. கையை விட்டாள். சூடு. ஈரம். ஏதோ அவள் விரல்களை முகர்ந்தது.

கையை உருவிக்கொண்டாள். துளை மூடிக்கொண்டது.

"மெர்வின்!"

சாரத்தடியில் கிடந்த சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தாள். ஃபைபர் கிளாஸ் விரிசல் விட வேண்டும். விடவில்லை. சுத்தியல் அமுங்கி, மெல்லத் திரும்பி வந்தது. இன்னொரு அடி. இன்னொன்று. அடித்த இடம் சிலிர்த்தது. முழுப் பக்கமும், தலைவரைக்கும், ஒரு தடவை சிலிர்த்தது.

முன்பக்கம் சரளையில் டயர் உரசும் சத்தம் கேட்டது. கார்க் கதவுகள். சிரிப்பு.

சுத்தியலோடு சுற்றி ஓடிவந்தாள். வேற்று மாநில நம்பர் கொண்ட கார். தொப்பி போட்ட ஓர் ஆள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அவன் மனைவி காற்றில் பறக்கும் முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். ஐந்து வயதிருக்கும் ஒரு பெண்குழந்தை தரையருகே தாழ்ந்திருந்த வயிற்றின் அடிக்கே போய்விட்டிருந்தது.

"போங்க! கார்ல ஏறிப் போங்க!"

"ஒரே ஒரு போட்டோ மேடம்" என்று அந்த ஆள் சிரித்தான். "பெயிண்ட்ல கை வைக்க மாட்டா. ஏ குட்டி, தொடாத!"

குழந்தை தொட்டது. இரண்டு கைகளையும் விரித்து வைத்து, கன்னத்தையும் வைத்துக் காதுகொடுத்தது. கேட்டது. முகம் மலர்ந்தது.

"அம்மா, இது வயித்துல பாப்பா இருக்கு" என்றது. "நெறைய!"

நோலீன் பாய்ந்து குழந்தையின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். தாயின் கைகளில் திணித்தாள். தாய் குழந்தையைப் பார்க்கவில்லை. அவள் கண் மேலே இருந்தது. தொப்பிக்காரனின் போன் மெல்லக் கீழே இறங்கியது.

ஈரமான வெண்ணெய் நிறத்தில் ஒரு புடைப்பு. சின்னது, கூர்மையானது, மூக்குபோல. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பத்து. பிறகு வயிறு முழுக்க, நெருக்கமாக, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, தோலுக்குப் பின்னாலிருந்து முட்டின. ஒவ்வொரு மூக்கும் ஒரு நாயின் மூக்கு அளவு.

அவற்றின் நடுவில், நோலீனுக்கு எட்டும் உயரத்தில், ஐந்து விரல்களையும் விரித்து, ஒரு மனிதக் கை.

அது பெயிண்டை உள்ளிருந்து அழுத்தித் துழாவியது. நோலீன் தன் கையை அதன் மேல் வைத்தாள். விரலுக்கு விரல். ஒரு கணம் அது அவள் கையை அறிந்துகொண்டு இறுக அழுந்தியது.

பிறகு புடைப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் அந்தக் கையின் பக்கம் திரும்பின.