தடம் படாத இடம்

எலிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தார். காலை பத்து மணி. கதவைத் திறந்தவள் வாங்க என்று சொல்லிவிட்டு அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்றுகொண்டாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காய்ச்சலா என்று கேட்டார். காய்ச்சலெல்லாம் இல்லை, தூக்கம்தான் இல்லை என்றாள்.

அது உண்மைதான். மூன்று வருஷத்துக்கும் மேலாக, ஒரே ஒரு நாளைத் தவிர, அவள் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. மாமனார் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து பின்னறைதான் அவள் உலகம். அவர் போய் ஐந்து மாதம் ஆகிறது. இனியாவது காலை நீட்டித் தூங்கலாம் என்று அவள் நினைத்த வாரத்திலேயே வீட்டுக்குள் எலி குடிவந்துவிட்டது. சுண்டெலிதான், கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. ஆனால் அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. சோப்பைக் கொறித்தது, பிரிட்ஜ் ஒயரைக் கடித்தது, அலமாரியில் மடித்து வைத்திருந்த புதுத் துண்டில் குடும்பமே நடத்தியது. பசை அட்டை வாங்கி வைத்தாள். அதில் கணவனின் செருப்புதான் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பூனையை இரவல் வாங்கி வந்தாள். அது சமையலறையில் ராஜநடை போட்டது, பின்னறை வாசல்வரை போய் உள்ளே ஒரு நிமிஷம் பார்த்தது, பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. மீனைக் காட்டிக் கூப்பிட்டும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இதையெல்லாம்கூட அவள் சகித்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தங்கை வருகிறாள், இரண்டு மாதக் கைக்குழந்தையோடு. தங்கை கணவனுக்குக் கப்பலில் வேலை. அவன் கரை ஏற ஆறு மாதம் ஆகும், அதுவரை தாயும் பிள்ளையும் இங்கேதான். அவர்களுக்குக் கொடுக்கப் பின்னறையை விட்டால் வேறு இடம் கிடையாது. தன் வயிற்றில் ஒன்று தங்கவில்லை, தங்கை பெற்றதையாவது மடியில் போட்டுக் கொஞ்சவேண்டும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். தூங்கும் பச்சைப்பிள்ளையின் விரலை எலி கடித்துவிட்டதாக எப்போதோ கேட்ட பேச்சு வேறு மனதைக் குடைந்தது. இன்று புதன்கிழமை.

எலிக்காரர் விஷமோ பொறியோ எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு தகர டப்பாவையும் பழைய டீ வடிகட்டியையும் எடுத்தார்.

“முதல்ல அதுங்க எந்தப் பக்கம் போகுது, வருதுன்னு பாக்கணும்மா. அப்புறம்தான் பொறி.”

டப்பாவில் இருந்தது சாக்பீஸ் தூள். மாவு தூவினால் தின்றுவிட்டுப் போய்விடுமாம், இதைத் தின்னாதாம். வடிகட்டியில் அள்ளி விரலால் தட்டித் தட்டி, தரை முழுக்க மெல்லிசாகத் தூவிக்கொண்டே வந்தார். அவர் பேச்சுக்குப் பஞ்சமில்லாதவர். சுண்டெலி புது மாப்பிள்ளை மாதிரி, கூச்ச சுபாவம், சுவரை ஒட்டியேதான் நடக்கும் என்றார். வழியில் பீரோவோ பெட்டியோ இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகுமாம். பின்னறைக்கு வந்ததும் அவர் பேச்சு கொஞ்சம் குறைந்தது. ஒரு பாய்கூட இல்லாமல் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறதே என்று கேட்டார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம் என்று அவள் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவர் குனிந்து குனிந்து தரையைப் படித்தார். சமையலறையில் மூன்று வளை. கூடத்தில் ஒன்று. கடுகு சிந்தியதுபோல் குட்டிக் குட்டிப் பாதங்கள், நடுவில் வால் இழுத்த கோடு. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அதே உற்சாகத்தோடு பின்னறைக்குள் எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

அறை முழுக்க எலித் தடம். அவர் சொன்னதற்கு மாறாக எலிகள் நடுத்தரையெல்லாம் ஓடியிருந்தன. ஆனால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஓரமாக ஓர் இடத்தில் மட்டும் ஒரு பாதம்கூடப் படவில்லை. தூள் தூவியது தூவியபடியே இருந்தது. எலிகள் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, அதன் ஓரத்தைக் கோடு போட்டுக் காட்டியிருந்தன.

ஆறடி நீளம் இருக்கும். ஒரு முனையில் உருண்டை. நடுவில் லேசான வளைவு. கீழே முழங்கால் மடங்கிய மாதிரி ஒரு துருத்தல்.

“இங்க ஏதாச்சும் கெடந்துச்சா? ராத்திரி ஏதாச்சும் வச்சு எடுத்தீங்களா?” என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினாள்.

அவளுக்குத் தெரியும். இடது பக்கமாக ஒருக்களித்து, முகம் சுவரைப் பார்த்து. கடைசி வருஷம் கட்டிலில் வைத்துப் புரட்டும்போது சரிந்து விழப்போனதால் மாமனாரைத் தரையில்தான் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த இடம் இதுதான்.

எலிக்காரர் பொறிகளை வைத்துவிட்டுப் போனதும் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் சொல்லாத ஒன்று அவள் வயிற்றில் கிடந்தது. அசைய முடியாதவருக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். ஒரு கை தோளுக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில். புரட்டியதும் திரும்ப உருளாமலிருக்க முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுக்கவேண்டும். பிறகு நோட்டில் நேரத்தையும் பக்கத்தையும் எழுதவேண்டும். எல்லாம் நர்ஸ் சொல்லிக்கொடுத்தது. மூன்று வருஷம் இரவு பகலாக ஒரு தடவை தவறாமல் செய்தாள். கடைசி நாள் மத்தியானம் ஒரு மணிக்கு அவரை இடது பக்கம் புரட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே கண்ணசந்துவிட்டாள். விழித்தபோது ஆறரை. அவர் சுவரைப் பார்த்தபடியே குளிர்ந்துபோயிருந்தார்.

பேனாவை எடுத்தாள். மூன்று மணி, வலது. ஐந்து மணி, இடது. கணவன் வேலையிலிருந்து வருவதற்குள் எழுதி முடித்துவிட்டாள்.

அந்த நோட்டைத்தான் அவன் சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினான். பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று எல்லோரும் கண் கலங்கினார்கள். டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பாராட்டினார். அன்றிலிருந்து அந்தப் பாராட்டு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. அவர் அந்த ஐந்தரை மணி நேரத்தில் எப்போது போனார், போவதற்கு முன்னால் யாராவது தன்னைத் திருப்பமாட்டார்களா என்று எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் பொறிகளில் ஒன்பது எலி. எலிக்காரர் அவற்றைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டுப் பின்னறைக்கு வந்தார். புதிதாகத் தூவிய தூளிலும் அதே வெற்றிடம் இருந்தது.

ஆனால் இன்று தடங்கள் அதைச் சுற்றிப் போகவில்லை.

ஓரம்வரை வந்து நின்றன. எதிர் ஓரத்தில் மறுபடி தொடங்கின. நடுவில் ஒன்றுமில்லை.

“மேல ஏறிப் போயிருக்குதுங்க,” என்று அவர் மெல்லச் சொன்னார். தனக்குத்தானே சொல்வதுபோல்தான் இருந்தது. “முந்தாநாள் பயந்து சுத்திப் போச்சு. இது அசையாதுன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு.”

அதன்பிறகு அவர் தமாஷ் எதுவும் பேசவில்லை. மளமளவென்று வளைகளுக்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, சிமென்ட் குழைத்துப் பூசினார். கடைசித் தடவையாகத் தூளைத் தூவினார், பின்னறைக்கு மட்டும் வாசலில் நின்றபடியே கைநீட்டித் தூவினார். போகும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“எலிய நான் ஒழிச்சுத் தந்துடறேம்மா. மத்தது என் வேலை இல்ல.”

சொன்னபடி ஒழித்தும் தந்துவிட்டார். சனிக்கிழமை காலை வீடு முழுக்க ஒரு பாதம்கூட இல்லை. பொறிகளைப் பொறுக்கிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். கணவன் விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனான். அவள் பின்னறை வாசலில் வந்து நின்றாள். வெள்ளைத் துணி விரித்ததுபோல் தரை ஒரே சீராக இருந்தது. வட்டமில்லை, வளைவில்லை. ஒரு நிமிஷம் அவளுக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது.

மாமனார் எங்கே இருக்கிறார் என்பதை இத்தனை நாளும் எலிகள்தான் காட்டிக்கொண்டிருந்தன.

இனி காட்டுவதற்கு யாருமில்லை.

நாளைக்கு இந்தத் தரையில்தான் தங்கை குழந்தையைப் படுக்க வைப்பாள். எந்த இடத்தில் வைக்கச் சொல்வது? மத்தியானம்வரை அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். உடம்பு முழுக்க அசதி. பயப்படக்கூடத் தெம்பில்லாத அசதி. மூன்று மணிக்கு அவள் பின்னறைக்குள் போய் அந்தச் சுவரோரம் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

வெயில் ஜன்னலில் இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அறைக்குள் மட்டும் மாமனாருக்குப் பூசிய களிம்பின் பழைய வாடை மெல்ல எழுந்தது.

கையை நீட்டினாள்.

ஒன்றுமில்லை.

இன்னும் கொஞ்சம் நீட்டினாள். காற்று குளிர்ந்தது. விரல் நுனியில் நைந்த பருத்தித் துணி பட்டது.

அவள் கையை எடுக்கவில்லை. மூன்று வருஷப் பழக்கம் அது. ஒரு கை தானாகத் தோளுக்கடியில் போனது, ஒரு கை இடுப்புக்கடியில் போனது. இழுத்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த அதே கனம் கைக்குள் வந்தது.

“மன்னிச்சிடுங்க மாமா,” என்றாள். “தூங்கிட்டேன்.”

கனம் மெதுவாகப் புரண்டது. ஒரு நீண்ட மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. பிறகு கையில் ஒன்றும் இல்லை. களிம்பு வாடையும் போய்விட்டது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். தரையைக் கழுவித் துடைத்தாள். அன்றைக்கு ராத்திரி படுத்தவள் விடிந்துதான் எழுந்தாள். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை காலமாயிற்று என்று கணக்கே தெரியவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்குத் தங்கை வந்து இறங்கினாள். குழந்தை பெரியம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவளுக்குப் பிறவிப்பயன் கிடைத்தாற்போல இருந்தது. ஒரு மணிக்குப் பால் குடித்துவிட்டுக் குழந்தை தூங்கிப்போயிற்று. பின்னறையில் ஜன்னலோரமாக, அந்தச் சுவரிலிருந்து தள்ளி, மெத்தை விரித்து மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். வெளியூர்க் கதை, வீட்டுக் கதை என்று இருவரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தாள். மூன்று மணி சுமாருக்கு எழுந்துபோய்ப் பார்த்த தங்கை சிரித்துக்கொண்டே வந்தாள்.

“என்னக்கா, பாப்பாவ ஒருக்களிச்சுப் போட்டு முதுகுக்குத் துண்டெல்லாம் சுருட்டி வச்சிருக்க? நீதான?”

அவள் பின்னறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான்தான்,” என்றாள்.

அதைவிட என்ன சொல்வது? வந்த முதல் நாளே தாயையும் பிள்ளையையும் விரட்டவா? போய்ப் பார்த்தாள். குழந்தை வலது பக்கமாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. துண்டு அவள் சுருட்டுவதுபோலவே இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருந்தது. அதைப் பிரித்து எடுத்துவிட்டு, குழந்தையை மல்லாத்தி, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இந்தத் தடவை தூங்கக்கூடாது. கண்ணைக் கசக்கிக் கசக்கி உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்குப் பால்காரர் மணியடித்தார். தங்கை குளித்துக்கொண்டிருந்ததால் இவள்தான் எழுந்து போகவேண்டியிருந்தது. ஒரு நிமிஷம்தான். திரும்பி வந்தபோது தங்கை ஈரத்தலையோடு அறையில் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை இடது பக்கமாக ஒருக்களித்திருந்தது. முதுகுக்குத் துண்டு. அதற்குள் இன்னொரு தடவையா, இவ்வளவு புரட்டினால் பிள்ளைக்கு வலிக்காதா என்று தங்கை கொஞ்சம் கடுப்போடு கேட்டாள்.

நான்தான் என்றாள் அவள். இனிமேல் புரட்டவில்லை என்றும் சொன்னாள்.

குழந்தையைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் ஆறரைக்கு அது மறுபடி தூங்கிவிட, அக்காவுக்குக் கால் மரத்துப் போய்விடும் என்று தங்கை பிடுங்கிக்கொண்டுபோய்ப் பழையபடி பின்னறையில் கிடத்திவிட்டாள். வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம்கூட அவள் வாயில் வரவில்லை. சமையலுக்குக் கைகொடு என்று தங்கை அவளைக் கையோடு இழுத்துப்போனாள். கணவன் கொசுவலை வாங்கக் கடைக்குப் போயிருந்தான். இருவரும் தோளோடு தோள் நின்று வெங்காயம் உரித்தார்கள். அவள் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது.

ஏழு மணி.

பின்னறையில் குழந்தை சிரித்தது. யாரோ விளையாட்டுக் காட்டினால் சிரிக்கிற சிரிப்பு.

தங்கை முன்னால் போனாள், இவள் பின்னால். இருவரும் வாசலில் நின்றார்கள். குழந்தை வலது பக்கமாகப் படுத்திருந்தது. முதுகுக்குப் பின்னால் துண்டு.

தங்கை அவளைத் திரும்பிப் பார்த்தாள். “அக்கா, நீ என் பக்கத்துலதான நின்ன?” என்று கிசுகிசுத்தாள். “இப்ப யாரு?”

அவள் வாயைத் திறந்தாள். ஐந்து மாதமாக வயிற்றில் கிடந்தது ஒருவழியாக வெளியே வந்தது.

“அன்னைக்கு நான் அவரத் திருப்பவே இல்லடி. நோட்டுல பொய் எழுதினேன்.”

தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழந்தையை எடுக்க அவள் அடியெடுத்து வைப்பதற்குள், இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சுருட்டிய துண்டு தானாக விலகியது. குழந்தையின் தோளும் இடுப்பும் மெத்தையிலிருந்து லேசாக எழும்பின. பிறகு அது மெல்ல, பக்குவமாக, மறுபக்கம் புரண்டது.

நோட்டுக் கணக்குப்படி இன்னும் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கவில்லை.