மூன்று மாதச் சாட்சி

"உங்க ரிப்போர்ட் தப்பு!"

"கொஞ்சம் உட்காருங்கம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"உட்கார மாட்டேன்! பதினாலாவது மாடியில இருக்கோம். நாய் கிடையாது, பூனை கிடையாது, புல்லுகூடக் கிடையாது. என் பொண்ணை உண்ணி எப்படிக் கடிக்கும்? லிஃப்ட்ல ஏறி வந்துச்சா?"

"கடிச்சதுன்னு நான் சொல்லவே..."

"மாத்தி எழுதுங்க! ராத்திரி ஃப்ளைட்!"

லேப் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

எதிரே, கூலிங் கிளாஸைத் தலைமேல் ஏற்றிவிட்ட ஒரு பெண். அவள் தோளில் மூன்று மாதக் கைக்குழந்தை. கத்தல்! வந்ததிலிருந்து ஓயாத அழுகைக் கத்தல்!

குழந்தைக்கு லேசான ஜுரம், உடம்பெல்லாம் தடிப்பு. 'ரத்தம் பார்க்காமல் விமானம் ஏறச் சான்றிதழ் தரமாட்டேன்' என்று குழந்தை டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். பார்த்தால்... உண்ணிக் காய்ச்சலை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடி!

"பாப்பாவை எதுவும் கடிக்கலைம்மா. புதுசாக் கடிச்சிருந்தா, முதல்ல கிளம்பற ஆன்டிபாடி ஒண்ணு இருக்கு. அது இவகிட்ட இல்ல. இருக்கறது பழைய வகை. வயித்துல இருக்கும்போதே அம்மா ரத்தத்துல இருந்து வந்தது. வழிக்குக் கட்டிக் குடுத்த சாப்பாட்டுப் பொட்டலம்னு வெச்சுக்கோங்க."

கூலிங் கிளாஸ்காரியின் முகத்தில் வெளிச்சம்.

"அட, அதானா! மாசமா இருந்தப்ப எனக்கு ஒரு ஜுரம் வந்துச்சு... ஆமா, ஆமா! அப்ப சர்டிஃபிகேட்?"

"நீங்களும் கொஞ்சம் ரத்தம் குடுங்க. உங்களுக்கும் அதே இருந்தா, கவலை இல்லைன்னு நானே எழுதித் தர்றேன். ஆமா... நீங்க பெத்த குழந்தைதானே? தத்து கித்து..."

"என்ன கேள்வி இது! பத்து மாசம் சுமந்து நானே பெத்தேன்!"

கையை நீட்டினாள். ஜுரம் யாருக்குத்தான் வரவில்லை என்ற தைரியம்!

மெஷின் ஓடியது. நின்றது.

ஒன்றுமில்லை. துளிகூட இல்லை!

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பூஜ்யம்!

லேப் டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். குழந்தைக்கு வந்த பங்கே இன்னும் தீரவில்லை. கொடுத்தவளிடம் அதற்குள் எப்படி வற்றும்?

கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள்.

"தம்பி, கைக்குழந்தை எதுவும் காணாமப் போச்சா?"

"அக்கா, நான் இன்ஸ்பெக்டர்தான். அதுக்காக 'சாப்பிட்டியா'ன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"சாப்பிட்டியா? குழந்தை காணாமப் போச்சா?"

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"ஒண்ணு போச்சு. பஸ் ஸ்டாண்டுல. 'நீ டிக்கெட் எடும்மா, நான் தூக்கிக்கறேன்'னு எவளோ வாங்கியிருக்கா. பெத்த அம்மா ஸ்டேஷனை விட்டு நகர மாட்டேங்குது. பாவம், ஆடு வளர்க்கற பொம்பளை."

"ஆடா?" லேப் டாக்டர் எழுந்தே விட்டாள். "மாசமா இருந்தப்ப ஜுரம் வந்துச்சான்னு கேளு!"

கேட்டான்.

"படுத்த படுக்கையாக் கிடந்துச்சாம்! உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"கூட்டிட்டு வாடா!"

"ஆன்டிபாடியை வெச்சு விலங்கு மாட்ட முடியாதுக்கா."

"டிஎன்ஏ பார்த்துட்டு மாட்டு. அதுவரைக்கும் ஃப்ளைட் ஏறாம பாரு. நீ வர்ற வரைக்கும் நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

"அதுக்கு உன்னை விட்டா ஆளேது!"

வெளியே வந்தால்... கூலிங் கிளாஸ்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்!

"ரிப்போர்ட்டே வேண்டாம். நாங்க கிளம்பறோம்."

"அட, இருங்கம்மா! ஊசி குத்தின இடத்துல பஞ்சு எடுக்கலையே. தலை சுத்துதா? தண்ணி குடிக்கறீங்களா? பாப்பாவுக்கு எடை பார்த்தீங்களா? எங்க மெஷின் ரொம்ப..."

"வழியை விடுங்க!"

கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர்! அவன் முதுகுக்குப் பின்னால், புழுதி படிந்த செருப்போடு ஒரு பெண். ரவிக்கை முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது.

"கண்ணு..." என்றாள். அவ்வளவுதான்.

கத்தல் நின்றது. குழாயை மூடியது போல!

குழந்தை தலையைத் திருப்பித் தேடியது.

கூலிங் கிளாஸ்காரி இரண்டடி பின்வாங்கினாள். குரல் மட்டும் பின்வாங்கவில்லை.

"எவளோ கூப்பிட்டா, குழந்தை அழுகையை நிறுத்திச்சு... இதெல்லாம் ஒரு சாட்சியா? நான் யார் தெரியுமா?"

லேப் டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் நீட்டினாள்.

"தெரியாதும்மா. ஆனா யார் இல்லைன்னு இதுல இருக்கு!"