டிப்போ ராணியும் ஐயப்பன்தாங்கல் புலியும்

வர்ஷாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை அவளேதான் தனக்கு வைத்துக்கொண்டாள். ஐயப்பன்தாங்கல் புலி.

இணையத்தில் எதையாவது எழுதும்போது மட்டும்தான் அவள் புலி. மற்ற நேரமெல்லாம் ஆறாம் வகுப்பு மாணவி. குளியலறையில் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் அப்பாவைக் கூப்பிடுவாள்.

அந்தப் புலி போன மாதம் ஒரு காரியம் செய்தது. அதை நினைத்தால் வர்ஷாவுக்கு இப்போதும் காது சூடாகிவிடும்.

வகுப்பில் ரேஷ்மா எந்நேரமும் 'டிப்போ ராணி' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அதில் நாம்தான் பஸ் ஓட்டுநர். காலையில் டிப்போவிலிருந்து பஸ்ஸை எடுக்க வேண்டும். படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே அனுப்ப வேண்டும். நடுரோட்டில் படுத்திருக்கும் மாட்டை எழுப்ப ஹாரன் அடிக்க வேண்டும். மாடு எழுந்தால் எழும், இல்லாவிட்டால் இல்லை.

வர்ஷா வீட்டுக்கு ஓடிவந்து அதை இறக்கிப் பார்த்தாள். ஓடவில்லை. விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடுமாம்.

வர்ஷாவின் லேப்டாப் அப்பா ராகவனின் அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழசு. அதில் விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு ஈடு இட்லி வெந்துவிடும். அதனால் அப்பா அதை நீக்கிவிட்டு லினக்ஸ் போட்டிருந்தார். லினக்ஸும் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்தான். இலவசமாகவே கிடைக்கும். ஆனால் விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டு அதில் அப்படியே ஓடிவிடாது.

"உங்க லேப்டாப்ல ஓடாதா? ஐயோ பாவம்" என்றாள் ரேஷ்மா.

அந்த 'ஐயோ பாவம்' வர்ஷாவைச் சுட்டுவிட்டது. அன்று சாயங்காலம் அந்த விளையாட்டின் பக்கத்துக்குப் போய், ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்றே ஒன்று கொடுத்துவிட்டு, புலி இப்படி எழுதியது:

'லினக்ஸில் ஓடாது. டப்பா விளையாட்டு. செய்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு வேலை பார்க்கப் போகலாம்.'

எழுதியதும் மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு இரண்டு பூரி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாவது மாடி ஜெபா அக்கா வந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள். வர்ஷாவின் இறகுப்பந்து ஜன்னல் சன்ஷேடில் விழுந்தால் துடைப்பத்தை நீட்டி எடுத்துத் தருவாள்.

"அங்கிள், உங்க பழைய லேப்டாப்ல லினக்ஸ் இருக்குன்னு சொன்னீங்களே. அடுத்த வாரம் ரெண்டு நாள் குடுப்பீங்களா? நான் ஒரு கேம் செஞ்சிருக்கேன். அதை லினக்ஸ்லயும் கொண்டு வரலாம்னு இருக்கேன். ஓட்டிப் பாக்கணும்."

"கேமா? எந்தக் கம்பெனிக்கும்மா?"

"கம்பெனி எல்லாம் இல்ல அங்கிள். நான் மட்டும்தான். படம் வரையறது, சத்தம் சேக்கறது எல்லாமே நான்தான். வேலை முடிஞ்சு வந்து கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு வருஷம் ஆச்சு. டிப்போ ராணின்னு பேரு."

வர்ஷாவின் கையிலிருந்த தோசை தட்டில் விழுந்தது.

கேம் செய்கிறவர்கள் என்றால் எங்கேயோ கண்ணாடிக் கட்டடத்தில் நூறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தத் திட்டை நூறு பேர் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு அரைச் சொல்கூட வராது. இப்போது எல்லாம் ஜெபா அக்கா ஒருத்தி தலையில் விழுந்திருக்கிறது.

"திடீர்னு ஏன் லினக்ஸ்?" என்று அப்பா கேட்டார்.

"ஒருத்தர் கேட்டிருந்தார். ஐயப்பன்தாங்கல் புலின்னு பேரு." அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. "கேட்டார்னு சொல்ல முடியாது. திட்டியிருந்தார். வந்த முதல் கருத்தே அதான். ரெண்டு நாள் கம்ப்யூட்டரையே திறக்கல. அப்புறம், லினக்ஸ்ல ஓடலைங்கறது உண்மைதானேன்னு தோணிச்சு. நம்ம ஏரியாக்காரர் வேற. அவரும் விளையாடட்டுமே."

"யாரோ வேலை வெட்டி இல்லாத ஆளா இருப்பான்மா" என்றார் அப்பா.

வர்ஷா தலையைத் தூக்கவில்லை. தேங்காய்ச் சட்னியை அவ்வளவு உற்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்று மத்தியானமே கதவைச் சாத்திக்கொண்டு, தான் எழுதியதை அழித்துவிட்டாள். அழித்துவிட்டால் எழுதாத மாதிரிதானே? அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் அக்கா லிப்டில் வந்தால் அவள் படியில் போனாள்.

புதன்கிழமை சாயங்காலம் கேட் அருகே மாட்டிக்கொண்டாள்.

"வர்ஷா, லேப்டாப் வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிடு" என்றாள் அக்கா.

"ஏன்க்கா?"

"அந்தப் புலி எழுதினதை அழிச்சிட்டுப் போயிட்டார். 'கொஞ்சம் பொறுங்க, உங்களுக்காகச் செஞ்சிட்டிருக்கேன்'னு கீழ பதில் எழுதலாம்னு இருந்தேன். கேட்டது ஒரே ஒரு ஆள். அவரும் போயாச்சு. இனிமே யாருக்குன்னு செய்யறது?"

அக்கா லிப்டுக்குள் போய்விட்டாள். வர்ஷா அங்கேயே நின்றாள். எழுதியதற்கு வெட்கப்பட்டது போதாதென்று, அழித்ததற்கும் சேர்த்து வெட்கப்பட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். 'பூந்தமல்லி சிங்கம்' என்று புதுப் பெயர் போட்டாள். 'ஐயா, அம்மா, தயவுசெய்து லினக்ஸில் கொண்டு வாருங்கள்' என்று மிக மரியாதையாக அடித்தாள். பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. விரல் நகரவில்லை. அக்கா புலியை நம்பியது போல இந்தச் சிங்கத்தையும் நம்பிவிடுவாள். அதை நினைத்தபோதுதான் வர்ஷாவுக்கு அழுகை வந்தது.

சிங்கத்தை அழித்தாள். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். மூன்றாவது மாடி வரை போய், திரும்பி இறங்கினாள். மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

"இன்னா பாப்பா, ஏறிகினும் எறங்கிகினும் கீற?" என்றார் காவலாளி பூபாலன். "லிப்டு நல்லாத்தான ஓடிகினு கீது."

"சும்மாதான் அண்ணா" என்று சொல்லிவிட்டு வர்ஷா மூன்றாம் முறை ஏறினாள். இந்த முறை மணியை அழுத்திவிட்டாள்.

"லேப்டாப்தான் வேணாம்னு சொன்னேனே" என்றாள் கதவைத் திறந்த அக்கா.

"புலி எங்கயும் போகலைக்கா."

"என்ன?"

"நான்தான் புலி. எழுதினதும் நான்தான். அழிச்சதும் நான்தான்."

உள்ளே குக்கர் ஒரு விசில் அடித்தது.

"விளையாட முடியலைன்னு கோவம்" என்றாள் வர்ஷா. "நீங்கன்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கவே மாட்டேன்."

"வேற யாரோன்னா எழுதியிருப்பே. அப்படித்தானே?"

வர்ஷா வாசல் கோலத்தில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மன்னிச்சிடுங்கக்கா" என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எனக்குக் கோவமாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. குக்கர் இன்னும் இரண்டு விசில் அடித்தது. "எவ்வளவு நேரம் அதைத் தூக்கிட்டு நிப்பே? உள்ள வா."

அக்கா அதுவரை செய்து வைத்திருந்ததை லேப்டாப்பில் ஏற்றினாள். திரையில் டிப்போ வந்தது. பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. வர்ஷாவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அப்போது ஒன்று கண்ணில் பட்டது. சொல்லலாமா என்று பயமாக இருந்தது. ஏற்கெனவே சொன்னதே போதாதா?

ஆனால் பார்த்ததைச் சொல்லத்தானே லேப்டாப்போடு வந்திருக்கிறாள்?

"அக்கா, பஸ் ரொம்ப நல்லா ஓடுது. ஆனா போர்டுல ஊர்ப் பேரே வரல. கட்டம் கட்டமா இருக்கு."

அக்கா குனிந்து பார்த்தாள். நெற்றியில் தட்டிக்கொண்டாள். "நான் போட்ட தமிழ் ஃபான்ட் விண்டோஸ்ல தானாவே இருக்கும். அதனால கேமோட சேத்து அனுப்பணும்னே தோணல. இந்த லேப்டாப்ல அது இல்ல."

"மாங்காடு பஸ்ஸா, பூந்தமல்லி பஸ்ஸான்னு தெரியாம எல்லாரும் ஸ்டாப்லயே நிக்கறாங்க பாருங்க."

அக்கா சிரித்துவிட்டாள். இந்த முறை சிரிப்பு சரியாக வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம், வீட்டுப்பாடம் முடிந்ததும் வர்ஷா மாடிக்குப் போனாள். விளையாட்டு எங்கே நிற்கிறது, எங்கே குதிக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை, விளையாட்டின் பக்கத்தில் 'விண்டோஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'லினக்ஸ்' என்ற சொல்லும் வந்து உட்கார்ந்தது.

வர்ஷா அதன் கீழே எழுதினாள். இந்த முறை சொந்தப் பெயரில்.

'நான் வர்ஷா. முன்பு இங்கே ஐயப்பன்தாங்கல் புலி என்ற பெயரில் மோசமாக எழுதி, பிறகு அழித்தது நான்தான். அதற்காக வெட்கப்படுகிறேன். இப்போது டிப்போ ராணி லினக்ஸில் ஓடுகிறது. மாடு எழுந்திருக்காத இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.'

ரேஷ்மா இதைப் படிப்பாள். வகுப்பே படிக்கும். காது சூடானது. ஆனாலும் பொத்தானை அழுத்தினாள்.

ஐந்து நிமிடத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஜெபா அக்கா, கையில் போனோடு.

"எல்லாம் சரி. நாலு நட்சத்திரம்தானா?"

வர்ஷா தரையைப் பார்த்தாள். "ஹாரன் சத்தம் இன்னும் விட்டு விட்டுத்தான் வருதுக்கா."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"சரி. லேப்டாப்பை எடு."