எந்த லெக்?

எங்கள் வகுப்பில் லெக் என்றால் நான்தான். மூன்று வருடமாக நான் ஒருத்திதான். எங்கள் தாய்லாந்து பாஷையில் லெக் என்றால் குட்டி. நானும் குட்டிதான்.

போன மாதம் பாங்காக்கிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். வகுப்பிலேயே அவள்தான் உயரம். பெயர் என்ன தெரியுமா? லெக்!

"கொடிக்கம்பம் மாதிரி இருந்துக்கிட்டு லெக்காம்!" என்று முணுமுணுத்தேன்.

அன்றைக்கே வம்பு வந்தது. ரச்சனி டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கப் போயிருந்த நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றோம்.

"டீச்சர், லெக் வந்திருக்கேன்!"

"எந்த லெக்?" என்றார் திரும்பாமலே.

"லெக்தான் டீச்சர்!" என்றோம் இருவரும்.

சாக்பீஸைத் தூக்கியபடி டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். வகுப்பே சிரித்தது.

"ஒருத்தி வேற பேர் வெச்சுக்கலாமே?" என்றார்.

"நான் மாட்டேன். நான்தான் முதல்ல!" என்றேன்.

அன்னையர் தினத்துக்கு முந்தின நாள்தான் விஷயம் தெரிந்தது. எல்லார் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். மல்லிகை மாலை கொடுத்து வணங்குவோம். புது லெக்கின் அம்மாவுக்கோ தைவானில் தொழிற்சாலை வேலை. வர முடியாது. வெளிநாட்டு போன் கட்டுப்படியாகாது. அதனால் இணையம் வழியாகப் பேசுவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்காகவே டீச்சர் பள்ளிக்கூடத்துப் பழைய கணினியில் ஒரு மோடம் அட்டை வாங்கி மாட்டினார். அதுதான் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைப் பிடிக்கும்.

கணினியைப் போட்டோம். தொடங்கும்போது வரும் மேகப் படம் வந்தது. அப்படியே நின்றது. அணைத்துப் போட்டாலும் அதே மேகம்தான்.

மோடத்தைக் கழற்றினால் கணினி ஓடியது. மோடத்தை வைத்து, முன்பே இருந்த ஒலி அட்டையைக் கழற்றினாலும் ஓடியது. இரண்டும் சேர்ந்தால் நின்றது.

"ஒலி அட்டை இல்லாம சத்தம் கேக்காதே," என்று டீச்சர் பெருமூச்சு விட்டார். "அம்மாவை எழுதி அனுப்பச் சொல்லலாமா லெக்?"

"எழுதினது நிறைய இருக்கு டீச்சர்," என்றாள் அவள். "குரல்தான் மறந்துடும்போல இருக்கு."

நின்றுபோன திரையையே பார்த்தேன்.

"டீச்சர்! நீங்க அன்னிக்கு 'எந்த லெக்?'னு கேட்டுட்டு முழிச்சீங்களே, அதே மாதிரி நிக்குது பாருங்க. இந்த ரெண்டு அட்டைக்கும் ஒரே பேரா?"

"பேர் இல்லடி, எண். ஒவ்வொரு அட்டையும் தன் எண்ணைச் சொல்லித்தான் கணினியைக் கூப்பிடும்..." சொல்லிக்கொண்டே இரண்டையும் வெளியே எடுத்தார். எண்ணைக் குறிக்கும் குட்டிக் கருப்புத் தொப்பி இரண்டிலுமே ஐந்தில் மாட்டியிருந்தது.

"அட, கெட்டிக்காரி!"

"புதுசை மாத்துங்க டீச்சர்," என்றேன் சட்டென்று.

"அதுக்குப் போக வேற இடமில்லையே. அதுல இருக்கற மத்த எண்ணையெல்லாம் கணினியோட மத்த பாகங்க பிடிச்சுடுச்சு. பழசுக்குப் பத்து காலியா இருக்கு. பழசுதான் நகரணும்."

நகர்ந்தது. திரையிலும் பத்து என்று மாற்றினார். மேகம் விலகி, கணினி டிங்கென்று பாடிக்கொண்டு எழுந்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஒலிப்பெட்டி கரகரத்தது.

"லெக்? அம்மா பேசறேன் கண்ணு. சாப்பிட்டியா?"

"அம்மா!" என்றவள் அதற்கு மேல் பேசமுடியாமல் அழுதாள். பிறகு ஒலிப்பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு மாலையை வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் அம்மாக்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குரல் அன்று எத்தனை முறை "லெக், லெக்" என்றதோ! ஒவ்வொரு முறையும் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த வகுப்பில் டீச்சர் கூப்பிட்டார். "லெக்!"

அவள் பாதி எழுந்து என்னைப் பார்த்தாள். நான் அசையவே இல்லை.

"ஏன்டி, நீயும்தானே லெக்?"

"நான் இனிமே சிப், டீச்சர்."

எங்கள் பாஷையில் சிப் என்றால் பத்து.

டீச்சர் சிரித்துவிட்டார். "பழசு நகர்ந்துடுச்சா?"

வீட்டில் அம்மா இன்னும் என்னை லெக் என்றுதான் கூப்பிடுகிறாள். அங்கே நான் ஒருத்திதானே!