ஓலேனா வீட்டுக் கம்பளிச் செருப்பு

வயலும் வானமும் ஒரே வெள்ளையாகக் கிடந்த பிப்ரவரிப் பிற்பகலில், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் அந்தப் பழைய பண்ணை வீட்டின் முன் போலீஸ் வண்டி நின்றது. சார்ஜென்ட் தெல்மா ஸ்வான்சனோடு கிளென் மோரோஸும் இறங்கினான்.

பதினொரு நாளுக்கு முன் இந்த வீட்டின் நிலவறைப் படிகளுக்குக் கீழே ஓலேனா பிலிப்சுக் இறந்து கிடந்தாள். யாரோ தள்ளியிருந்தார்கள். கிளென் அவளுடைய நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். வரும் வசந்தத்தோடு குத்தகை முடிகிறது என்று அவள் சொன்னது வேறு யாருக்கும் தெரியாது. "ஒரு உதவிக்கு வாங்க" என்று தெல்மா கூப்பிட்டதிலிருந்து, அது உதவிக்குத்தானா என்று அவன் மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

"ஓலேனாவோட தம்பி மகனப் பிடிச்சாச்சா?" என்று கேட்டான்.

"மொதல்ல உள்ள வாங்க. மூக்கு உறைஞ்சு விழுந்துடும்."

உள்ளே பூட்டிய வீட்டின் வாடை. எங்கோ ஒரு பலகை முனகியது. தெல்மாவின் குரல் தானாகவே தணிந்தது.

"சாவி மூணு பேர்கிட்ட. தம்பி மகன், ஹீட்டர் மெக்கானிக், நீங்க."

"அப்போ தம்பி மகன்தான்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா படியில பூட்ஸ் தடமே இல்ல. நீலக் கம்பளி நூல்தான் ஒட்டியிருந்துச்சு. கொல்ல வந்தவன் வாசல்ல பூட்ஸக் கழட்டிட்டு, விருந்தாளிக்குன்னு வெச்சிருக்கற கூடையிலேர்ந்து வீட்டுச் செருப்ப எடுத்து மாட்டியிருக்கான். என்ன மரியாதை பாருங்க!"

கிளெனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி மகன் நகரத்துக்காரன். பூட்ஸோடயே அடுப்படி வரைக்கும் போவான்னு ஓலேனா ஊரெல்லாம் புலம்புவா. மெக்கானிக் பூட்ஸ் மேலயே பிளாஸ்டிக் உறை மாட்டிக்குவார்."

மூன்றாவது ஆளைப் பற்றி அவள் பேசவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"நூல் இருக்கு. செருப்புதான் கிடைக்கல."

கிளென் மூச்சு விட்டான். அது கிடைக்காது. கிடைக்காதவரை யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. அந்த நிம்மதியில், பிறந்ததிலிருந்து பழகிய கைகள் பூட்ஸைக் கழற்றின. பார்க்காமலே பெஞ்சுக்கடியில் இருந்த கூடையைத் துழாவின. அகப்பட்டதை எடுத்து மாட்டின.

சூடாக இருந்தது.

ஈரமாகவும் இருந்தது.

கருகிய கம்பளி நாற்றம் மூக்கில் ஏறியது. குனிந்தான். நீலம். வலது நுனியில் ஓலேனா சிவப்பு நூலால் தைத்துக்கொடுத்த அதே ஒட்டு.

"இத நான் எரிச்சுட்டேனே..."

தெல்மா குனிந்து பார்த்தாள்.

"எத, கிளென்?"

"இதத்தான்! கால்ல பாருங்க!"

"உங்க கால்ல ஒண்ணும் இல்ல." தெல்மா கூடையை இழுத்துக் காட்டினாள். "கூடையில இருந்ததெல்லாம் போன வாரமே ஆய்வகத்துக்குப் போயாச்சு."

கூடை காலி. அவன் காலில் சாம்பல் நிறக் காலுறை மட்டும்.

ஆனாலும் குதிகாலில் யாரோ விரல் விட்டு, செருப்பை இழுத்துச் சரிசெய்தார்கள்.

கிளென் எல்லாவற்றையும் சொன்னான். கேட்பதற்கு முன்பே சொன்னான்.

வண்டி முற்றத்தில் திரும்பியது. இந்தப் பக்கத்தில் விருந்தாளி கிளம்பினால் வீட்டுக்காரி சன்னலில் நின்று கையசைப்பாள். அவரும் பதிலுக்கு அசைப்பார். அடுப்படிச் சன்னலை உறைபனி முழுதாக மூடியிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளிருந்து அதில் கையகல வட்டம் ஒன்று மெல்லத் துடைக்கப்பட்டது.

"பாக்காதீங்க," என்று தெல்மா ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

பின்னிருக்கையில், விலங்கு பூட்டிய கிளெனின் கைகள் தாமாகவே உயர்ந்தன.