ஒன்பதாயிரம் சொல்லில் ஒரு கல்யாணப் பேச்சு

மனித குலத்தின் வரலாறு இரண்டே பாகம்தான்: பெரும்பொதிக்கு முன், பெரும்பொதிக்குப் பின். திருச்சி எண்ணமாற்றகத்தின் இளநிலைப் பொறியாளன் பூவராகன் இதைத் தேநீர் இடைவேளையில் அறிவித்தான்.

காதுக்குப் பின்னால் பதித்த எண்ணமணி வழியாகத்தான் இப்போது ஊரே பேசிக்கொள்கிறது. பழைய சிறுபொதியில் இரண்டு சொல்லுக்கு மேல் ஏறாது. கேட்பவர் ‘ம்’ கொட்டினால்தான் அடுத்தது கிளம்பும். பெரும்பொதியோ ஒன்பதாயிரம் சொல்லை ஒரே மூட்டையாகத் தூக்கிப் போகும். மூத்த பொறியாளர் மாசிலாமணி மட்டும் இன்னும் சிறுபொதிதான். பூவராகன் அவரைச் சீண்டினான்:

“அரிசி, ம், அஞ்சு கிலோ, ம். அண்ணிகூடப் பேசறீங்களா, பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கீங்களாண்ணே?”

“எங்களுக்கு அது போதும்ப்பா.”

பூவராகன் சொல்லாமலே காதலித்துவந்த தஞ்சாவூர் வேதநாயகிக்கு நிலவில் வேலை கிடைத்திருந்தது. ஒற்றை அறையா, தம்பதி வீடா என்று ஐந்து மணிக்குள் அவள் படிவத்தில் குறிக்க வேண்டும். மூன்று மணிக்குப் பூவராகன் தன் காதலை, முதல் பார்வையிலிருந்து முதியோர் காப்பீடு வரை, ஒரே பெரும்பொதியாகக் கட்டி அவளுக்கு அனுப்பினான்.

பதிலில்லை.

“கெடச்சுதா?”

“எது?” உடனே வந்தது.

வெட்கப்படுகிறாள் போலும். பெரியம்மாக்களின் சம்மதத்தையும் சேர்த்து மறுபடி அனுப்பினான். மூச்சில்லை.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு. நீங்க?”

மணி நாலே முக்கால். அவன் முகம் செத்துப்போயிருந்ததைப் பார்த்து மாசிலாமணி அருகில் வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

“தஞ்சாவூருக்குப் பொதியைத் தள்ளிவிடற திருவெறும்பூர் இடைமாற்றி பழசாச்சேப்பா. பெருசா வந்தா கீழ போட்டுடும். போட்டேன்னுகூடச் சொல்லாது.”

“அவங்க மணி புதுசு. என்னுதும் புதுசுண்ணே.”

“நடுவுல இருக்கறது? பெரும்பொதி தாங்கும்னு கையெழுத்துப் போட்டது யாரு?”

பூவராகன்தான். ‘நலமா?’ என்று ஒரு சொல் அனுப்பி, ‘நலம்’ என்று வந்ததும் போட்ட கையெழுத்து.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“வேதா.”

“ம்.”

“நாம...”

“ம்.”

“கல்யாணம்...”

இந்த ‘ம்’ வர வெகுநேரமாயிற்று. ஆனால் வந்தது.

“பண்ணிக்கலாமா?”

நாலு ஐம்பத்தெட்டு.

“இதுக்கா மத்தியானத்துலேருந்து...”

“ம்,” என்றான்.

“சாப்பாட்டை விசாரிச்சீங்க?”

“ம்.”

“தம்பதி வீடுன்னு...”

“ம்!”

“எழுதிட்டேன். அங்க...”

“ம்.”

“குளிருமாம். கம்பளி...”

மாசிலாமணி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பூவராகன் எண்ணமணியைக் கையால் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

“ம்.”

“ரெண்டா வாங்குங்க.”

“ம்.”